அலர்ஜிக்கு அலர்ஜிப் பொருளையே ஊசியாகப் போடலாமா? மகரந்தப் புரதத்தைத் திருத்தும் அறிவியல்

மகரந்த அலர்ஜிக்கு, மரபணு முறையில் மாற்றிய மகரந்தப் புரதத்தையே மருந்தாகத் தரப் பார்க்கிறார்கள் என்று செய்தி வரும்போது, படிப்பவர்களுக்கு இரண்டு குழப்பங்கள் எழுகின்றன. உடம்புக்கு எது ஆகவில்லையோ அதையே உள்ளே ஏற்றினால் எப்படிச் சரியாகும் என்பது ஒன்று. மரபணு மாற்றம் என்றால் நோயாளியின் மரபணுவில் கை வைக்கிறார்களா என்பது இன்னொன்று.

இரண்டாவதற்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம்: இல்லை. மாற்றம் நடப்பது ஒரு புரதத்தின் செய்முறைக் குறிப்பில். அந்தக் குறிப்பை ஈ.கோலை மாதிரியான பாக்டீரியாவுக்குள் வைத்தால், அது அந்தப் புரதத்தை உருவாக்கித் தரும். அதைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்து ஊசி மருந்தாக்குகிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு 1982 முதல் கிடைத்துவரும் மனித இன்சுலினும் இதே வழியில் வந்ததுதான். நோயாளியின் மரபணுவும் மாறாது, மரத்தின் மரபணுவும் மாறாது.

முதல் கேள்விதான் பெரியது. அதற்கு அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

மூக்கில் நடப்பது என்ன

ஐரோப்பாவின் பிர்ச் மரத்தை எடுத்துக்கொள்வோம். இந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதி அதைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. காஷ்மீரில் ஒரு காலத்தில் பட்டையில் ஏடு எழுதினார்களே, அந்தப் பூர்ஜ மரத்தின் சொந்தம் இது. வசந்தத்தில், முக்கியமாக ஏப்ரலில், வால் போலத் தொங்கும் கதிர்களிலிருந்து மகரந்தத்தைக் காற்றில் தூவும். பூச்சியை நம்பாத மரம் என்பதால் கணக்கில்லாமல் கொட்டும். ஒரு துகளின் அகலம் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும்.

1. துகள் மூக்கின் ஈரத்தில் வந்து ஒட்டுகிறது. சில நிமிடங்களில் அதிலிருந்து புரதங்கள் கரைந்து வெளியே வருகின்றன. அவற்றில் தலையாயது ‘பெட் வி 1’. பெயர் விசித்திரமாகத் தெரிந்தாலும் வைத்த முறை எளிது: பெட்டுலா வெருகோசா என்ற தாவரப் பெயரின் முதல் மூன்று எழுத்து, அடுத்த சொல்லின் முதல் எழுத்து, பிறகு ஒரு எண். பிர்ச் அலர்ஜி உள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் இந்த ஒரு புரதம் ஆகாது.

2. அலர்ஜிக்கு வாய்ப்புள்ள ஒருவரின் உடலில், காவல் செல்கள் இந்தப் புரதத்தை விழுங்கித் துண்டு துண்டாக வெட்டி, டி செல் எனப்படும் வெள்ளை அணுவிடம் காட்டுகின்றன. டி செல் அதை எதிரி என்று முடிவு செய்து, ‘ஐஜிஇ’ என்ற வகை ஆன்டிபாடியை, அதாவது எதிரியைப் பிடிக்க உடல் செய்யும் புரதத்தை, தயாரிக்கச் சொல்கிறது. இது ஒரே நாளில் நடப்பதில்லை. நார்வே, ஸ்வீடன், ஜெர்மனி பக்கம் குடியேறிய நம்மவர்களில் சிலருக்கு, போய்ச் சில வருடங்கள் கழித்துத்தான் ஏப்ரலில் கண் அரிக்கத் தொடங்குகிறது. புதிய மகரந்தத்துக்கு அலர்ஜியாக உடம்புக்குச் சில பருவங்கள் பிடிக்கும்.

3. ஐஜிஇ போய் மாஸ்ட் செல் என்ற செல்லின் மேல் காலை ஊன்றிக்கொண்டு, கைகளை வெளியே நீட்டியபடி உட்கார்ந்துவிடுகிறது.

4. அடுத்த முறை மகரந்தம் வரும்போது, ஒரே புரத மூலக்கூறு பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஐஜிஇ-யை ஒன்றாகப் பிணைக்கிறது. இந்தப் பிணைப்புதான் அபாய மணி. அது அடித்த நிமிடமே மாஸ்ட் செல் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகிறது. தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு எல்லாம் அதன் வேலை.

5. சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரும். இதில் டி செல்களும் அவை கூப்பிட்டு வரும் மற்ற செல்களும் சேர்ந்துகொள்ளும். இரவெல்லாம் மூக்கு அடைத்துக்கொள்வதும் இளைப்பும் பெரும்பாலும் இந்த அலையில் வருபவை.

செட்ரிசின் போன்ற மாத்திரைகள் நான்காவது படியில் ஹிஸ்டமினை மறிக்கின்றன, அவ்வளவே. மாத்திரையை நிறுத்தினால் பழையபடி தும்மல். உடம்பின் முடிவையே மாற்றப் பார்ப்பது இம்யூனோதெரபி, நம் டாக்டர்கள் ‘அலர்ஜி ஊசி’ என்று சொல்வது.

முழுத் தேங்காயும் துருவலும்

இந்தத் துறையின் மொத்தக் கணக்கும் ஒரே உண்மையில் நிற்கிறது. ஐஜிஇ-யும் டி செல்லும் ஒரே புரதத்தைப் பார்த்தாலும், இரண்டும் பார்ப்பது ஒன்றல்ல.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் சங்கிலியில் கோத்த ஒரு மணி என்று வைத்துக்கொண்டால், பெட் வி 1-இல் 159 மணிகள். சங்கிலி நீளமாகக் கிடக்காது; தனக்கென்று ஒரு வடிவத்தில் மடிந்துகொள்ளும். 1996-இல் எக்ஸ்-ரே கதிர்களால் இதன் வடிவத்தைக் கண்டறிந்தார்கள். வளைந்த முறம் ஒன்று, அதன் குழிவில் சாய்த்துவைத்த உலக்கை ஒன்று, இடையில் ஒரு பொந்து: கிட்டத்தட்ட அப்படி இருக்கிறது. ஐஜிஇ தொட்டு அடையாளம் காண்பது இந்த மடிந்த வடிவத்தின் வெளிப்புறத்தை. சங்கிலியில் எங்கெங்கோ தள்ளித் தள்ளி இருக்கும் மணிகள், மடிந்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்று ஒரு மேடு பள்ளத்தை உண்டாக்குகின்றன. வடிவம் குலைந்தால் அந்த மேடும் போய்விடும், ஐஜிஇ-க்கு அடையாளம் தெரியாது.

டி செல்லுக்கு வடிவம் தேவையில்லை. அதன் கைக்கு வருவதே வெட்டிய துண்டுகள்தான், பத்துப் பதினைந்து மணிகள் நீளத்தில்.

தேங்காயை வைத்து யோசித்தால் எளிது. ஐஜிஇ முழுத் தேங்காயின் மட்டையையும் முக்கண்ணையும் பார்த்து அடையாளம் சொல்லும். டி செல் துருவலைப் பார்த்துச் சொல்லும். அப்படியானால், முழுத் தேங்காயைக் கண்ணில் காட்டாமல் துருவலை மட்டும் உடம்புக்குக் கொடுத்தால்? அபாய மணி அடிக்காது, ஆனால் டி செல்லுக்குப் பாடம் போய்ச் சேரும். மாற்றியமைத்த ஒவ்வாமையூக்கி (அலர்ஜியைக் கிளப்பும் புரதம்) என்ற எண்ணத்தின் வேர் இதுதான்.

ஊசி வந்த கதை, அதன் ஆபத்து

மகரந்தத்தை ஊசியாகப் போடும் வழக்கம் லண்டனில் தொடங்கியது. செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் லெனார்ட் நூன் என்ற மருத்துவர் 1911-இல் தன் முடிவுகளை வெளியிட்டார். திமோதி என்ற புல் வகையின் மகரந்தத்தை நீரில் சாறெடுத்து, மிக மிகக் குறைந்த அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தோலுக்கடியில் போட்டார். பலன் இருக்கிறதா என்று பார்க்க அவர் கையாண்ட வழி நேரடியானது: நோயாளியின் கண்ணில் மகரந்தச் சாற்றை ஒரு சொட்டு விடுவார், எந்த வீரியத்தில் கண் சிவக்கிறது என்று குறித்துக்கொள்வார். ஊசிகளுக்குப் பிறகு, முன்பைவிட வீரியமான சாற்றைக் கண் தாங்கியது. மகரந்தத்தில் ஒரு நஞ்சு இருக்கிறது, அதற்கு முறிவை உண்டாக்குகிறோம் என்றுதான் அவர் நினைத்தார். விளக்கம் தவறு, வைத்தியம் சரி. நூன் 1913-இல் காசநோயால் இறந்துவிட்டார். கூட வேலை செய்த ஜான் ஃப்ரீமேன் பணியைத் தொடர்ந்தார்.

ஏன் பலித்தது என்பதற்கு 1935-இல் நியூயார்க்கில் ராபர்ட் குக்கின் குழு ஒரு துப்புக் கொடுத்தது. ஊசி போட்டுக்கொண்டவரின் ரத்தத்தில் அலர்ஜியைத் தடுக்கும் ஒரு பொருள் உருவாகியிருந்தது. அதைத் ‘தடுக்கும் ஆன்டிபாடி’ என்று அழைத்தார்கள். இன்று அது ஐஜிஜி வகை, முக்கியமாக ஐஜிஜி4, என்று தெரியும். ஐஜிஇ-யை அடைவதற்கு முன்பே மகரந்தப் புரதத்தின் மேல் போய் ஒட்டி மூடிவிடும் ஆன்டிபாடி இது. மூடிய புரதம் இரண்டு ஐஜிஇ-யைப் பிணைக்க முடியாது. கூடவே டி செல்களின் மனநிலையும் மாறுகிறது: ‘அடி’ என்று சொல்லிக்கொண்டிருந்தவை குறைந்து, ‘விடு’ என்று அடக்கும் வகை கூடுகிறது.

மூன்று முதல் ஐந்து வருடம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் பலன் நிறுத்திய பிறகும் நீடிக்கிறது. புல் மகரந்த ஊசியை நிறுத்தி மூன்று வருடம் கழித்தும் நிவாரணம் தொடர்ந்ததை 1999-இல் லண்டன் ஆய்வு ஒன்று காட்டியது. எந்த மாத்திரையும் இதைச் செய்வதில்லை.

சரி, பிறகு எதற்கு மாற்ற வேண்டும்? சாற்றில் இருப்பது முழுத் தேங்காய். ஐஜிஇ அதை உடனே அடையாளம் காணும். மூக்கில் நடக்க வேண்டியது உடம்பு முழுக்க நடந்தால் தோல் தடித்து, மூச்சு இறுகி, ரத்த அழுத்தம் விழும். இதுதான் அனாஃபிலாக்சிஸ். பிரிட்டனில் 1957-க்குப் பிறகு இப்படி 26 பேர் இறந்திருக்கிறார்கள் என்று 1986-இல் அந்நாட்டு மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவித்தது. ஊசி போட்டால் இரண்டு மணி நேரம் கண்காணிக்க வேண்டும், உயிர்காக்கும் வசதி கையருகே இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அதோடு சாதாரணக் கிளினிக்குகளில் அந்த ஊசி கிட்டத்தட்ட மறைந்தே போனது. ஆபத்தின் அளவையும் சரியாகச் சொல்ல வேண்டும்: அமெரிக்காவில் 1990 முதல் 2001 வரை எடுத்த கணக்கில், 25 லட்சம் ஊசிக்கு ஒரு மரணம். மிக அரிது. ஆனாலும் தும்மலுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர் உயிரை விடுவது என்பதை எந்த டாக்டராலும் எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பயத்தால்தான் அளவை மெதுவாகக் கூட்ட வேண்டியிருக்கிறது, அதனால் ஊசிகளின் எண்ணிக்கை கூடுகிறது, அதனால் பாதியில் விட்டுவிடுபவர்களும் அதிகம்.

சாற்றுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது இயற்கைப் பொருள். எந்த மரம், எந்த வருடம், எப்படிச் சேகரித்தது என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கும் புரத அளவு மாறும். வேண்டாத புரதங்களும் கலந்திருக்கும்.

முதல் முயற்சி ரசாயனத்தில் நடந்தது. 1970-இல் டேவிட் மார்ஷும் குழுவினரும் மகரந்தப் புரதங்களை ஃபார்மால்டிஹைடில் ஊறவைத்து ஒன்றோடொன்று ஒட்டச் செய்தார்கள். டெட்டனஸ் நஞ்சைத் தடுப்பூசியாக மாற்றும் அதே உத்தி. இந்த வகைக்கு அலர்ஜாய்டு என்று பெயர். ஜெர்மனி போன்ற நாடுகளில் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. நல்ல மருந்துதான். ஆனால் ரசாயனம் எங்கே ஒட்டும் என்பது நம் கையில் இல்லை. வேண்டாத முகத்தை அழிக்கும்போது வேண்டிய முகமும் கொஞ்சம் அழிகிறது.

குறிவைத்து மாற்றுவது

குறிவைக்க முதலில் அந்த ஒற்றைப் புரதம் கையில் வேண்டும். 1989-இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் பெட் வி 1-இன் மரபணுக் குறிப்பைப் படித்தெடுத்தார்கள். அலர்ஜி என்ற சொல்லையே 1906-இல் உருவாக்கிய கிளெமென்ஸ் ஃபான் பிர்கே வியன்னாக்காரர். அந்த ஊரிலேயே இந்த வேலையின் மையமும் அமைந்தது.

ஒரே புரதத்தை மட்டும் கொடுத்தால் போதுமா, முழுச் சாறு வேண்டாமா என்ற சந்தேகம் நியாயமானது. 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று 134 பேரிடம் இதைச் சோதித்தது. ஆய்வகத்தில் செய்த பெட் வி 1, மகரந்தத்திலிருந்து பிரித்த பெட் வி 1, வழக்கமான முழுச் சாறு, மருந்தே இல்லாத வெறும் போலி ஊசி என்று நான்கு பிரிவுகள். ஆய்வகப் புரதம் சாற்றுக்குச் சளைக்காமல் வேலை செய்தது. ஒரு புரதம் போதும் என்றால், அந்த ஒன்றை மட்டும் திருத்தினாலும் போதும்.

திருத்தும் வழிகள்:

1. மணி மாற்றுதல். சங்கிலியில் குறிப்பிட்ட இடங்களில் ஒரு அமினோ அமிலத்தை எடுத்து வேறொன்றை வைப்பது. சால்ஸ்பர்க்கில் ஃபாத்திமா ஃபெரைராவின் குழு 1990-களில் இதைச் செய்தது. இதற்கு வழிகாட்டியது பிர்ச் மரமேதான். ஒரே மரம் பெட் வி 1-ஐச் சிறு சிறு வேறுபாடுகளோடு பல வடிவங்களில் தயாரிக்கிறது, அவற்றில் சிலவற்றை ஐஜிஇ அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை என்று 1996-இல் கண்டார்கள். இயற்கை ஏற்கனவே சாதுவாக்கி வைத்திருந்த வடிவங்களை ஒப்பிட்டு, எந்த மணியை மாற்றினால் ஐஜிஇ ஏமாறும் என்று கணித்தார்கள்.

2. இரண்டாக வெட்டுதல். வியன்னாவில் ருடால்ஃப் வாலென்டாவின் குழு எடுத்த வழி இது. சங்கிலியை 74-ஆவது மணிக்குப் பிறகு வெட்டினால் கிடைக்கும் இரண்டு துண்டும் தனித்தனியாக மடிய முடியாது. முறமும் இல்லை, உலக்கையும் இல்லை. எல்லா மணிகளும் அப்படியே இருக்கின்றன, வடிவம் மட்டும் இல்லை. துருவல் என்று சொன்னதன் நேரடி உருவம் இதுதான்.

3. மூன்றைக் கோத்தல். அதே புரதத்தின் மூன்று பிரதிகளை ஒரே சங்கிலியாகத் தைப்பது. இதில் வடிவம் குலைவதில்லை, ஆனாலும் அபாய மணி அடிக்கும் சக்தி குறைந்துவிடுகிறது. மூன்றும் நெருக்கியடித்து நிற்பதால், மாஸ்ட் செல்லின் மேல் இருக்கும் ஐஜிஇ-களை வசதியான இடைவெளியில் பிணைக்க முடிவதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் தடுக்கும் ஆன்டிபாடியை இது நன்றாகத் தூண்டுகிறது.

4. மடிப்பை மாற்றுதல். சங்கிலி முழுதாக இருக்கும், தவறாக மடிந்திருக்கும். ஜெர்மனியில் ஒரு நிறுவனம் இப்படிச் செய்த பெட் வி 1-ஐ, அனுமதிக்கு முந்தைய பெரிய சோதனையான மூன்றாம் கட்டச் சோதனை வரை கொண்டுபோனது. கடைக்கு வரவில்லை.

124 பேரும் ஒரு பருவமும்

வெட்டிய துண்டுகளும் கோத்த மூன்றும் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டன. ஆஸ்திரியா, ஸ்வீடன், பிரான்ஸ் என மூன்று நாடுகளில் 124 நோயாளிகள். மரபணுத் தொழில்நுட்பத்தால் திருத்திய ஒவ்வாமையூக்கியை இப்படி முறையாகச் சோதித்தது அதுதான் முதல் முறை. பருவத்துக்கு முன்பு ஒரே ஒரு சுற்று ஊசி. முடிவு 2004-இல் வெளியானது.

ரத்தத்தில் நடந்தது அழகாக இருந்தது. திருத்திய புரதத்தைக் கொடுத்தாலும், உண்டான ஐஜிஜி ஆன்டிபாடிகள் உண்மையான பெட் வி 1-ஐயும் அடையாளம் கண்டு மூடின. வழக்கமாக மகரந்தப் பருவம் வந்தால் நோயாளியின் ஐஜிஇ ஏறும். ஊசி போட்டவர்களுக்கு அந்த ஏற்றம் மட்டுப்பட்டது. பருவம் ஒவ்வொன்றும் அலர்ஜிக்கு ஒரு உரம் என்றால், அந்த உரம் போய்ச் சேராமல் தடுத்தார்கள்.

நோயாளிகள் உணர்ந்த நிவாரணமோ அந்த அளவுக்குத் தெளிவாக இல்லை. கூடவே எதிர்பாராத ஒன்றும் வந்தது. ஊசி போட்ட சில மணி நேரம் கழித்துப் பக்கவிளைவுகள் தோன்றின. உடனடி அபாய மணியை அமைதியாக்கிவிட்டார்கள், ஆனால் இரண்டாவது அலையை மறந்துவிட முடியாது என்று இது காட்டியது. துருவலைப் பார்க்கும் டி செல்களுக்குத் துருவல் கிடைத்தது, ஏற்கனவே கோபத்தில் இருந்தவை கிளர்ந்தெழுந்தன. துருவல் சாது என்ற நினைப்பில் ஓட்டை இருந்தது. இந்தத் துறையின் மிகப் பயனுள்ள கண்டுபிடிப்பு இந்த ஏமாற்றம்தான் என்பது என் கணிப்பு. அடுத்து வந்த யோசனை இதிலிருந்தே பிறந்தது.

துருவலும் வேண்டாம், ஓட்டுச் சில் போதும்

டி செல்லையும் எழுப்பக் கூடாது, ஐஜிஇ-யையும் பிணைக்கக் கூடாது, தடுக்கும் ஐஜிஜி மட்டும் வேண்டும். முரண்பட்ட மூன்று நிபந்தனைகள் போலத் தெரிகிறது. வியன்னாக் குழு இதற்குக் கண்ட வழி புத்திசாலித்தனமானது.

ஐஜிஇ தொடும் மேற்பரப்பிலிருந்து 20 முதல் 40 மணி நீளத்தில் சிறு துண்டுகளை எடுக்கிறார்கள். தனியாக நிற்கும்போது ஐஜிஇ-யால் அடையாளம் காண முடியாத துண்டுகளாகவும், டி செல்லைத் தூண்டும் பகுதிகள் குறைவாக உள்ளவையாகவும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவ்வளவு சிறியதை மட்டும் கொடுத்தால் உடம்பு கண்டுகொள்ளாது. அதனால் சம்பந்தமே இல்லாத ஒரு வாகனத்தில் ஏற்றுகிறார்கள்: ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறையில் உள்ள ‘ப்ரீஎஸ்’ என்ற புரதம். வைரஸ் அல்ல, அதன் ஒரு புரதம் மட்டும். நோய் வர வழியே இல்லை. உதவிக்கு வரும் டி செல்கள் இந்த வைரஸ் புரதத்தைப் பார்த்து வருகின்றன, அலர்ஜிக்காரர்களின் பழைய கோபக்கார டி செல்கள் அல்ல. ஆனால் உண்டாகும் ஐஜிஜி, வாகனத்தையும் அதில் ஒட்டியிருக்கும் மகரந்தத் துண்டையும் சேர்த்தே குறிவைக்கிறது. தேங்காய் உதாரணத்தில் சொன்னால், ஓட்டின் ஒரு சில்லை வேறொரு காயில் பதித்துக் காட்டுகிறார்கள். அந்தச் சில்லைத் தெரிந்துகொண்டவர் பிறகு முழுத் தேங்காயை எங்கே பார்த்தாலும் பிடித்துக்கொள்வார்.

புல் மகரந்தத்துக்காக இப்படிச் செய்ததுதான் ‘பிஎம்32’. திமோதிப் புல்லின் நான்கு முக்கியப் புரதங்களிலிருந்து நான்கு கலவைப் புரதங்கள். வியன்னாவில் இதற்கென்றே ஒரு மகரந்த அறை இருக்கிறது: நோயாளிகளை உள்ளே உட்காரவைத்து, அளந்த மகரந்தத்தை மணிக்கணக்கில் காற்றில் விட்டு, எத்தனை தும்மல், எவ்வளவு அடைப்பு என்று குறிக்கும் இடம். ஊசி போட்டவர்களுக்கு அங்கே மூக்கு அறிகுறிகள் குறைந்தன.

அதை விடப் பெரிய சோதனை 181 பேரிடம் இரண்டு வருடம் நடந்து, 2018-இல் வெளியானது. ஆண்டுக்குச் சில ஊசிகள்தான். ஐஜிஜி நன்றாக எழுந்தது, ஐஜிஇ தூண்டப்படவில்லை. நோயாளிகளின் மதிப்பெண்களும் போலி ஊசிக்காரர்களைவிட நல்ல பக்கமே இருந்தன. ஆனாலும் முன்கூட்டியே அறிவித்திருந்த முதன்மை அளவுகோலில் வித்தியாசம் புள்ளியியல் கோட்டைத் தாண்டவில்லை, அதாவது தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அதிக அவதியில் இருந்தவர்களிடம் பலன் தெளிவாகத் தெரிந்தது.

இதில் ஒரு உபரி நன்மையும் உண்டு. ப்ரீஎஸ் என்பது ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லில் ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் பகுதி. பிஎம்32 போட்டவர்களின் ரத்தத்தில் அதற்கெதிரான ஆன்டிபாடிகளும் உருவாகி, ஆய்வகத்தில் வைரஸ் தொற்றுவதைத் தடுத்தன.

சோற்றிலேயே மருந்து: ஜப்பானின் முயற்சி

ஜப்பானில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலைச்சரிவெங்கும் சுகி எனப்படும் செடார் மரத்தை நட்டார்கள். அவை வளர்ந்து பூத்தன. 2019-இல் எடுத்த கணக்கெடுப்பில், நூற்றுக்கு 39 பேர் அளவுக்குச் சுகி மகரந்த அலர்ஜி இருந்தது. அங்கே விஞ்ஞானிகள் எடுத்த வழி, நெல். சுகியின் இரண்டு முக்கிய ஒவ்வாமையூக்கிகளிலிருந்து ஏழு துருவல் துண்டுகளைக் கோத்து, அது அரிசி மணிக்குள்ளேயே சேரும்படி நெல்லின் மரபணுவில் வைத்தார்கள். இங்கே மட்டும் மாறுவது உண்மையிலேயே பயிரின் மரபணு. 2005-இல் எலிகளிடம் பலன் தெரிந்தது. உணவாகக் கொண்டுவர நினைத்தார்கள். இது மருந்து, மருந்துக்கான சோதனைகள் எல்லாம் வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. அந்த முடிவு சரியானதே. தினமும் சாப்பிடும் சோற்றில் மருந்தின் அளவை யார் அளப்பது?

ரத்தம் ஒன்று சொல்லும், மூக்கு ஒன்று சொல்லும்

இவ்வளவு நேர்த்தியான அறிவியல் ஏன் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை? பாதுகாப்பை நிரூபிப்பதைவிடப் பலனை நிரூபிப்பதுதான் கடினமாக இருக்கிறது.

மகரந்தம் வருடத்துக்கு வருடம் மாறும். மழை பெய்த வசந்தத்தில் எல்லோருக்குமே தும்மல் குறையும். அலர்ஜிச் சோதனைகளில் போலி ஊசி போட்டவர்களும் நன்றாகவே முன்னேற்றம் சொல்வார்கள். 2016-இல் இதற்கு ஒரு கசப்பான சாட்சி கிடைத்தது. மகரந்தமல்ல, பூனை அலர்ஜி. யோசனை அதே துருவல். பிரிட்டனின் சர்க்காசியா நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய மூன்றாம் கட்டச் சோதனையில், மருந்து போட்டவர்களுக்கு அறிகுறிகள் வெகுவாகக் குறைந்தன. போலி ஊசிக்காரர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தன. மருந்து அங்கேயே நின்றுவிட்டது.

துருவலை மட்டும் நம்பிய முயற்சி தோற்றதும், ஐஜிஜி-யை நம்பிய முயற்சி மெல்ல முன்னேறுவதும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இதற்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் ஆதாரம் வந்திருக்கிறது. அமெரிக்காவின் ரீஜெனரான் நிறுவனம், பெட் வி 1-இன் மேல் வெவ்வேறு இடங்களில் ஒட்டும் மூன்று ஐஜிஜி ஆன்டிபாடிகளை ஆய்வகத்தில் தயாரித்து, நோயாளிகளுக்கு ஒரே ஒரு முறை ஊசியாகப் போட்டது. புரதத்தை மூடிவிட்டாலே பிர்ச் அலர்ஜி அறிகுறிகள் தணிந்தன, பலன் வாரக்கணக்கில் நின்றது. 1935-இல் குக் சொன்ன தடுக்கும் ஆன்டிபாடிதான் இது, ஆலையில் செய்து கொடுக்கப்பட்டது. ஆனால் அந்த ஆன்டிபாடி உடம்பிலிருந்து கரைந்ததும் பழையபடி ஆகிவிடும். திரும்பவும் போட வேண்டும். திருத்திய புரதத்தின் கவர்ச்சி இங்கேதான்: அது உடம்பையே தயாரிக்கப் பழக்குகிறது.

நம் பக்கத்து மகரந்தங்கள்

பிர்ச்சுக்கு வசதி என்னவென்றால் ஒரே புரதம் பெரும்பாலானோருக்குக் காரணம். எல்லா மகரந்தமும் அப்படியில்லை. திமோதிப் புல்லுக்கே நான்கு தேவைப்பட்டது. நம் ஊரில் மகரந்தம் ஆகாதவர்கள் பலருக்குக் காரணமாக இருப்பவை சீமைக் கருவேலம், பார்த்தீனியம், புல் வகைகள். சீமைக் கருவேலத்தின் மகரந்தம் வளைகுடா நாடுகளிலும் தொல்லை தருகிறது. அங்கே வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஊரிலும் அதே மரம், போன இடத்திலும் அதே மரம். பார்த்தீனியத்தின் ஒரு முக்கியப் புரதம் அமெரிக்க, ஐரோப்பியக் களையான ராக்வீடின் ஒரு புரதத்தை ஒத்திருக்கிறது. ஐஜிஇ இரண்டையும் குழப்பிக்கொள்கிறது. ஆகவே ராக்வீடுக்குக் கண்டுபிடிக்கும் திருத்தம் பார்த்தீனியத்துக்கும் ஒரு தொடக்கமாக அமையலாம். ஆனால் அதை இங்குள்ள நோயாளிகளின் ரத்தத்தை வைத்து இங்கேதான் சோதிக்க வேண்டும்.

இப்போதைக்கு இந்தியாவில் போடப்படும் அலர்ஜி ஊசிகள் பெரும்பாலும் நீரில் எடுத்த முழுச் சாறுகளே. போட்டுக்கொள்பவர்கள், அனாஃபிலாக்சிஸ் வந்தால் உயிர்காக்கும் மருந்தான அட்ரினலின் தயாராக இருக்கும் இடத்தில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். போட்ட பிறகு குறைந்தது 30 நிமிடம் அங்கேயே உட்காருங்கள். இளைப்பு அதிகமாக இருக்கும் நாளிலும், காய்ச்சல் உள்ள நாளிலும், ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அன்றைக்குத் தள்ளிப்போடுவார். உள்ளங்கை அரிப்பு, தொண்டை இறுக்கம், தலைச்சுற்றல் இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால், சின்ன விஷயம் என்று நினைத்துக் காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.